பத்தொன்பதாவது பெட்டி

இரண்டு வருடமாக இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடப் பாதியோடு நிறுத்திவிட்டேன். இப்போது எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் தொழிலே அப்படித்தான். பார்த்ததை எழுத வேண்டும். பார்த்த நேரத்தைக் குறிக்க வேண்டும். நினைத்ததை எழுதக் கூடாது.

நான் சர்வேயர். நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் சரக்கு வழியில் உடைந்தோ நனைந்தோ போனால், இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுப்பவள். வீடு சேலத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில். இந்த வேலையில் பதினோரு வருடம். கன்டெய்னருக்குள் செத்த பாம்பைப் பார்த்திருக்கிறேன். பூச்சி மருந்து நெடியில் மயங்கி விழுந்திருக்கிறேன். ஆனால் பயந்ததில்லை.

பேய் என்றால் ராத்திரி வரும் என்று நினைப்பீர்கள். இது நடந்தது மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் 2:41-க்கு ஆரம்பித்தது.

சேந்தமங்கலத்தைத் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்தைப் பார்த்துப் போகிற சாலையில் ஒரு கோழிப்பண்ணை. பெயர் வேண்டாம். உரிமையாளர் குணசீலன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டையைக் கழுவி, எடை பார்த்து, தரம் பிரிக்கும் பெரிய இயந்திரம் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார். பாகம் பாகமாக முப்பத்திரண்டு மரப்பெட்டிகளில், நாற்பதடி கன்டெய்னரில் வந்தது. வழியில் கடல் கொந்தளிப்பு. தூத்துக்குடியில் இறக்கும்போதே கன்டெய்னரின் மேல்தகடு நசுங்கியிருந்ததைக் கவனித்துவிட்டார்கள். அதனால்தான் என்னை அனுப்பினார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி 1:50. டிரெய்லர் லாரி மேலேயே கன்டெய்னர் நின்றிருந்தது. வெயில் தீயாய்க் கொளுத்தியது. தகட்டில் கை வைக்க முடியவில்லை.

சீல் எண்ணைப் பார்த்தேன். சரியாக இருந்தது. உடைபடவில்லை. துறைமுகத்தில் சுங்கத்துறை சோதனை முடித்துப் போட்ட சீல். அதன்பிறகு இந்தக் கதவை யாரும் திறக்கவில்லை என்று அர்த்தம். என் முன்னால்தான் அறுத்தார்கள். மணி 2:05.

கதவைத் திறந்ததும் உள்ளிருந்து காற்று வந்தது.

குளிர்ந்த காற்று.

அந்த வெயிலில் நின்ற இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து அடுப்பைத் திறந்த மாதிரி அனல்தான் வர வேண்டும். குணசீலனும் அதைக் கவனித்தார். "ஏனுங்க மேடம், ஏசி கன்டெய்னரா அனுப்பிட்டாங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

உள்ளே பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துச் சரிந்து கிடந்தன. இடது பக்கச் சுவரை ஒட்டி, ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு மட்டும் சந்து. உள்ளே போய்க்கொண்டே இருந்தது. முடிவு தெரியவில்லை. இருட்டு.

வாசல் பக்கச் சுவரில் வெள்ளையாக உப்புக் கோடு தெரிந்தது. கடல் தண்ணீரா, மழைத் தண்ணீரா என்று பார்க்க எங்களிடம் ஒரு மருந்து உண்டு. ஒரு சொட்டு விட்டால், கடல் தண்ணீர் பட்ட இடம் பாலாக வெளுக்கும். முழங்கால் உயரத்தில் விட்டேன். வெளுத்தது. மேல்தகடு நசுங்கிய இடத்து விரிசல் வழியாக உள்ளே வந்து தேங்கியிருக்கும், சரி. மார்பு உயரத்தில் விட்டேன். வெளுத்தது. தலைக்கு மேலே, கூரையை ஒட்டி விட்டேன்.

அங்கேயும் வெளுத்தது.

அப்படியென்றால் இந்தக் கன்டெய்னர் முழுதாகக் கடலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். ஆனால் பெட்டிகளின் மரம் காய்ந்திருந்தது. நோட்டில் குறித்தேன். காரணம் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

(பின்னால் கப்பல் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். அந்தக் கன்டெய்னர் ஒருமுறைகூடக் கடலில் விழுந்ததாகப் பதிவே இல்லை என்று பதில் வந்தது.)

பெட்டிகளை இறக்க கிரேன் சொல்லியிருந்தார்கள். டிரைவர் வழி தவறி எங்கேயோ நிற்பதாகப் போன் வந்தது. குணசீலன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சுமை இறக்க வந்திருந்த நால்வரில் மூன்று பேர் சாப்பிட அவரோடு காரில் ஏறிக்கொண்டார்கள். லாரி டிரைவர் பூபதி, மோகனூர்க்காரர், கேபினில் கதவைத் திறந்துவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மீதி இருந்தது நானும் மாதையனும்.

மாதையனுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. தலையில் சிவப்புத் துண்டு. சுமை தூக்கும் வேலையில் முப்பது வருடம். என்ன சொன்னாலும் கடைசியில் ஒரு 'ங்க' போடாமல் முடிக்க மாட்டார்.

"எதையும் நகர்த்தறதுக்கு முன்னாடி உள்ள எத்தன பெட்டி, எது உடைஞ்சிருக்குன்னு குறிக்கணும்ண்ணா. நான் உள்ள போய்ப் பாக்கறேன்" என்றேன்.

"நீங்க எதுக்குங்க மேடம்? நான் ஒல்லிங்க. நுழைஞ்சு போய் ஒண்ணொண்ணா சொல்லறனுங்க. நீங்க இங்க நின்னு எழுதிக்கங்க."

பெட்டிகள் சரிந்து நிற்கின்றன. கிரேன் வரட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் செய்த முதல் தவறு அது.

மணி 2:41. மாதையன் கையில் டார்ச்சோடு உள்ளே நுழைந்தார்.

நான் கீழே, வாசலுக்கு நேரே, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் நோட்டை வைத்துக்கொண்டேன். அவர் குரல் உள்ளிருந்து வந்தது.

"ஒண்ணு... நல்லாருக்குதுங்க."

எழுதினேன்.

"ரெண்டு... மூலையில நசுங்கியிருக்குதுங்க."

எழுதினேன்.

அப்படியே போனது. குரல் மெதுவாக உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது. இரும்புக்குள் எதிரொலித்து வந்தது. பத்து... பன்னிரண்டு... பதினைந்து. மலைப் பக்கம் மேகம் கறுத்தது. வெளிச்சம் குறைந்தது. கோழிகள் சத்தம் திடீரென்று நின்றுபோனது. பல்லாயிரம் கோழிகள் இருக்கிற பண்ணை. ஒரு கொக்கரிப்புகூட இல்லை.

"பதினெட்டு... நல்லாருக்குதுங்க."

எழுதினேன்.

'டம்' என்று ஒரு சத்தம். உள்ளே, ஆழத்தில்.

"மாதையண்ணா?"

பதில் இல்லை.

"அண்ணா... என்ன சத்தம்?"

பதில் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். 2:58. எழுந்து வாசலில் எட்டிப் பார்த்தேன். டார்ச் வெளிச்சம் தெரியவில்லை. பூபதியை எழுப்பலாம் என்று திரும்பினேன்.

தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் மாதையன் நின்றிருந்தார்.

முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தலையில் அதே சிவப்புத் துண்டு. அதே கட்டம் போட்ட சட்டை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். நான் குனிந்து எழுதும்போது இறங்கி வந்துவிட்டார் போல. தண்ணீர் குடிக்க வந்திருப்பார்.

"பயந்தே போய்ட்டேன் அண்ணா. சொல்லிட்டு வரக் கூடாதா?"

அவர் திரும்பவில்லை. கையில் சொம்பு இருந்தது. வாய்க்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். சாய்க்கவில்லை. அப்படியே பிடித்திருந்தார்.

பதினேழு நிமிடம் அந்தக் கன்டெய்னருக்குள் இருந்தவர். சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஒட்டடை இல்லை. தூசி இல்லை.

அப்போதுதான்...

என் பின்னால், கன்டெய்னருக்குள்ளிருந்து, குரல் வந்தது.

"பத்தொம்போது..."

மாதையன் குரல்.

என் கையிலிருந்து பேனா விழுந்தது.

"பத்தொம்போது... சாஞ்சிருச்சுங்க... மேடம்..."

நான் தொட்டிப் பக்கம் பார்த்தேன். அவர் அங்கேயே நின்றார். முதுகு. சிவப்புத் துண்டு.

"மேடம்... உள்ள வாங்க மேடம்..."

உள்ளே இருப்பது யார்? மாதையன்தான் என் கண் முன்னால் நிற்கிறாரே. அப்படியென்றால் உள்ளே, அந்த இருட்டில், அவர் குரலில் என்னைக் கூப்பிடுவது யார்?

முதல் மழைத்துளி என் நெற்றியில் விழுந்தது.

தொட்டிப் பக்கம் நின்றவர் பேசினார். திரும்பாமலே.

"மழை வருது. கதவ மூடிரலாம்."

அவ்வளவுதான் சொன்னார். 'ங்க' இல்லை. 'மேடம்' இல்லை.

அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கு உறைத்ததெல்லாம் ஒன்றே ஒன்று. அந்தக் கதவை மூடிவிட வேண்டும். உள்ளே இருப்பது வெளியே வரக் கூடாது.

ஓடினேன். கேபின் தகட்டைத் தட்டினேன். "பூபதி! பூபதி! மழை... கதவ மூடுங்க!"

பூபதி பதறி இறங்கினார். ஒரு கதவைத் தள்ளினார். அடுத்ததைத் தள்ளும் முன் நின்றார்.

"உள்ள ஆளு யாரும் இல்லீங்களே மேடம்?"

இரண்டு வருடமாக என் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்வி அது.

"இல்ல" என்றேன். "மாதையன் அங்க நிக்கறாரு பாருங்க."

பூபதி தொட்டிப் பக்கம் பார்த்தார். தலையை ஆட்டினார். கதவை மூடினார். இரும்புக் கம்பியை இழுத்துப் போட்டார். 'கடக்' என்று பூட்டு விழுந்தது.

மணி 3:04.

மழை கொட்டியது. நானும் பூபதியும் பண்ணை அலுவலக அறைக்கு ஓடினோம். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். தொட்டிப் பக்கம் யாரும் இல்லை. முட்டை அறைப் பக்கம் ஒதுங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பற்கள் அடித்துக்கொண்டன. பூபதி, "என்னங்க மேடம், காய்ச்சலுங்களா?" என்றார்.

3:20. தகரக் கூரையில் மழை. வேறு சத்தம் கேட்க வழியில்லை.

ஆனாலும் கேட்டது.

டம்... டம்... டம்.

பூபதி என்னைப் பார்த்தார்.

"ஆலங்கட்டி மழ" என்றேன்.

டம்... டம்... டம்.

"ஆலங்கட்டி இப்படி விட்டு விட்டு விழுகாதுங்க மேடம்."

"போகாதீங்க பூபதி. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவருக்கும் போக மனமில்லை.

3:41-க்கு அந்தச் சத்தம் நின்றது.

மழை விட்டபோது மணி 4:10. குணசீலனின் கார் வந்தது. பின்னால் கிரேன். மூன்று சுமையாட்கள் இறங்கினார்கள். குணசீலன் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"மாதையன் எங்கீங்க?"

"இங்கதான்... முட்டை ரூம்ல இருப்பாரு."

ஒருவர் போய்ப் பார்த்து வந்தார். இல்லை. தீவனக் கிடங்கில் இல்லை. குணசீலன் போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அவர் கையைக் குவித்துக்கொண்டு சத்தமாகக் கூப்பிட்டார்.

"மாதையா...!"

கன்டெய்னருக்குள்ளிருந்து பதில் வந்தது.

"சாமீ..."

மெலிந்த குரல். உடைந்த குரல். மனுஷக் குரல்.



பூபதிதான் முதலில் ஓடினார். கம்பியை இழுத்தார். நான் கீழே, வாசலுக்கு நேர் எதிரே நின்றேன். குணசீலன் எனக்கு இடது பக்கம். மணி 4:22. கதவு திறந்தது.

சந்துக்குள், ஆழத்தில் மாதையன் கிடந்தார். பத்தொன்பதாவது பெட்டி சரிந்து அவர் இடது காலின் மேல் கிடந்தது. மார்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருந்தது. 2:58-க்கு விழுந்த பெட்டி. அப்போதிலிருந்து அவர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நகர்ந்திருக்க முடியாது.

கிரேன் வைத்து ஒவ்வொரு பெட்டியாக எடுத்து அவரை வெளியே கொண்டுவர ஒரு மணி நேரம் ஆனது. எலும்பு மூன்று இடத்தில் முறிந்திருந்தது. அன்று மட்டும் மழை பெய்யாமல் அந்த வெயில் அப்படியே அடித்திருந்தால், மூடிய இரும்புப் பெட்டிக்குள் முக்கால் மணி நேரம்கூடத் தாங்கியிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார்.

கதவை மூடச் சொன்னது நான்தான் என்று எல்லாரிடமும் சொன்னேன். மறைக்கவில்லை. அவரை வெளியே பார்த்தேன் என்றும் சொன்னேன். குணசீலன் என் முகத்தையே பார்த்தார். பூபதிதான் குறுக்கே வந்தார்.

"மேடம் பொய் சொல்லலீங்க. நானும் பாத்தனுங்க. தொட்டிகிட்ட முதுகக் காட்டி நின்னாப்ல. நான் பாத்துட்டுத்தான் கதவையே சாத்துனேன்."

பண்ணையில் கேமரா இருந்தது. அது முட்டை அறையைப் பார்த்து இருந்தது. தொட்டிப் பக்கம் எதுவும் பதிவாகவில்லை.

அடுத்த எட்டு நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. ஒன்பதாம் நாள் நாமக்கல்லில் அவர் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மத்தியானம் மூன்று மணி. அவர் மனைவி அத்தாயி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சாமி. உங்களத்தான் தெனமும் சொல்லிக்கிட்டே இருக்கறாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டிலருகே போய், "என்னை மன்னிச்சிருங்கண்ணா" என்றேன்.

மாதையன் சிரித்தார்.

"எதுக்குங்க மேடம் அழுகறீங்க? நீங்க இல்லீன்னா நான் அன்னிக்கே போயிருப்பனுங்க."

"நான் ஒண்ணுமே பண்ணலீங்கண்ணா. கதவ மூடச் சொன்னதே நான்தான்."

"என்னங்க இப்படிச் சொல்லறீங்க? நான் கூப்ட்டதும் உள்ள வந்துட்டீங்கல்ல?"

அத்தாயியின் கை ஆரஞ்சோடு நின்றது.

"யாரோ தெரியாம கதவச் சாத்திட்டாங்க. இருட்டாயிப் போச்சுங்க. நான் கத்துனனுங்க. நீங்கதான், பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கறேன்னீங்க. தலமாட்டுல உக்காந்துக்கிட்டீங்க. தகரத்தத் தட்டச் சொன்னீங்க, தட்டுனனுங்க. அப்புறம் கை ஓஞ்சு போச்சுங்க. கண்ணச் சொருகுச்சுங்க. தூங்கிராதீங்க, பெட்டிய மறுபடியும் எண்ணுங்கன்னீங்க. நான் எண்ணுனனுங்க. நீங்களும் கூடவே எண்ணுனீங்க. நெத்தியில கை வெச்சீங்க பாருங்க... ஐஸுக் கட்டியாட்டம் இருந்துச்சுங்க. அந்தக் குளுமையிலதான் உசுரு நின்னுச்சுங்க."

அவர் கண்ணில் பொய் இல்லை. நன்றிதான் இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"இருட்டுலங்கண்ணா... நான்தான்னு எப்படித் தெரியும்?"

"உங்க குரல் எனக்குத் தெரியாதுங்களா? மொகத்தையுந்தான் பாத்தனுங்களே."

"எப்ப?"

"கதவு தொறந்ததும் வெளிச்சம் வந்துச்சில்லீங்க, அப்பத்தானுங்க. என்னையப் பாத்துச் சிரிச்சுட்டு எந்திரிச்சீங்க. எனக்கு முன்னாடி நீங்கதானுங்க வெளிய போனீங்க."

மாதையன் இப்போது ஊன்றுகோல் வைத்து நடக்கிறார். மாதம் ஒருமுறை போன் செய்து, "நல்லாருக்கறீங்களா மேடம்?" என்று கேட்கிறார். நல்லாருக்கேன் என்கிறேன். அவரிடம் இன்றுவரை நான் மறுத்துச் சொல்லவில்லை.

ஆனால் உங்களிடம் சொல்கிறேன். பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று 4:22-க்கு அந்தக் கதவு திறந்தபோது நான் வாசலுக்கு நேர் எதிரே நின்றிருந்தேன். உள்ளிருந்து வெளியே வர வேறு வழி கிடையாது. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

எங்களைத் தாண்டி வெளியே யாரும் வரவில்லை.